மேனிஃபோல்டை மறுபடி கழற்றிய நாள்

“சாவியத் திருப்பாதீங்க தம்பி!”

நான் போட்ட சத்தத்தில், காரின் டிரைவர் சீட்டில் இருந்த நவீன் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிவிட்டார். போலீஸ்காரர் துப்பாக்கியை நீட்டினால்தான் அப்படித் தூக்குவார்கள். நான் நீட்டியது ஓர் எவர்சில்வர் தட்டு. அதில் எண்ணெய்க் கறை பிடித்த பனியன் துணித் துண்டுகள் நாலு கிடந்தன.

திருப்பூர் நல்லூரில் எங்கள் ஒர்க்‌ஷாப் வாசலில், காரை ஏற்றிக்கொண்டு போவதற்காக வந்த லாரி, சரிவுப் பலகையை இறக்கி வைத்துக்கொண்டு தெருவை அடைத்து நின்றது. பின்னால் மினி பஸ் விடாமல் ஹாரன் அடித்தது. என் வீட்டுக்காரர் செல்வராஜ் வலது கையில் மாவுக்கட்டோடு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பல நாளைக்குப் பிறகு அப்போதுதான் அவர் முகத்தில் சிரிப்பு வந்திருந்தது. என் சத்தத்தில் அது போய்விட்டது.

“என்ன திலகா? எல்லாந்தான் மாட்டியாச்சே?”

“மறுக்கா கழட்டோணுங்க.”

“எதைய?”

“மேனிஃபோல்டைத்தான்.”

லாரிக்காரர் காதில் இது விழுந்ததும், சங்கிலியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். அவரைப் பொறுத்தவரை விஷயம் முடிந்துவிட்டது.

இதுவரை இந்தத் தொடரில் பனியன் கம்பெனிக் கதையாகவே சொல்லிக்கொண்டு வந்தேன். “ஒர்க்‌ஷாப் பக்கம் எப்போது வருவீர்கள்?” என்று சிலர் எழுதிக் கேட்டிருந்தார்கள். வந்துவிட்டேன்.

பில் போடுகிற அம்மா

தையல் கம்பெனியில் தரம் பார்க்கிற பிரிவுக்கு நான் பொறுப்பாக இருந்ததை முந்தைய வாரங்களில் படித்திருப்பீர்கள். அந்தக் கம்பெனியை ஊருக்கு வெளியே தூரமாகக் கொண்டுபோய்விட்டார்கள். தினமும் அவ்வளவு தூரம் பஸ்ஸில் போய்வர எனக்குப் பொறுமை இல்லை. என் வீட்டுக்காரருக்கோ ஒர்க்‌ஷாப்பில் பில் போட ஆள் இல்லை. சரி, நாமே போவோம் என்று வந்தேன்.

பில் போட வந்தவள் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன். ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தவள் பிரேக் ஷூ மாற்றினேன். பிறகு கிளட்ச், பிறகு ரேடியேட்டர். யாரும் சொல்லித் தரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். கேட்டுக் கேட்டு அவர் உயிரை வாங்கினேன். எதையும் ஒருமுறை பிரித்துப் பார்க்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

ஆனாலும் வருகிறவர்கள் என்ன கேட்பார்கள் தெரியுமா? நான் காருக்கு அடியில் மல்லாந்து படுத்திருப்பேன். கால் மட்டும் வெளியே தெரியும். அந்தக் காலைப் பார்த்துக்கொண்டே, “அண்ணன் இல்லீங்களாக்கா? வேலை இருக்குதுங்க” என்பார்கள். அப்போது எனக்கு வருகிற கோபத்துக்கு அளவில்லை. “அப்ப நான் இங்க வெயில் தாழட்டும்னு படுத்துக் கெடக்கறேனா?” என்று கேட்டுவிடுவேன். என் வீட்டுக்காரர் வெளியே ஓடிவந்து சமாதானம் செய்வார். வாடிக்கையாளரிடம் அப்படிப் பேசக்கூடாதாம்.

இரண்டு சீட் வண்டி

நவீன் எங்கள் பகுதியில் பனியன் ஏற்றுமதி செய்கிற குடும்பத்துப் பையன். நல்ல மரியாதை தெரிந்த பிள்ளை. கார் என்றால் மட்டும் பைத்தியம். ஜப்பானில் செய்த பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை எங்கேயோ தேடிப் பிடித்து வாங்கி வந்திருந்தார். ரத்தச் சிவப்பு. தரையோடு தரையாக இருக்கும். இரண்டு பேர் உட்காரலாம். மூன்றாவதாக ஒரு காய்கறிப் பை வைக்கவும் இடமில்லை. “இவனுக்குக் கல்யாணமாகிக் கொழந்த பொறந்தா அதைய எங்க வெக்கறதுங்க, டிக்கியிலயா?” என்று அவருடைய அம்மா என்னிடம் ஒருமுறை அங்கலாய்த்தார்.

அந்த வண்டி நின்ற இடத்தில் என்ஜின் மட்டும் ஓடும்போது ஒரு மாதிரி விசில் சத்தம் வந்தது. என்ஜின் வேகம் தானாக ஏறும், தானாக இறங்கும். என் வீட்டுக்காரர் காதை வைத்துக் கேட்டுவிட்டு, மேனிஃபோல்டில் காற்று ஒழுகுகிறது என்றார்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். என்ஜின் வெறும் பெட்ரோலில் ஓடாது, காற்றும் வேண்டும். அந்தக் காற்றை வாங்கி ஒவ்வொரு சிலிண்டருக்கும் பங்கு போட்டுத் தருகிற அலுமினியக் குழாய்க் கொத்துதான் இன்டேக் மேனிஃபோல்டு. அது என்ஜினோடு சேருகிற இடத்தில் கேஸ்கட் என்று ஒரு தகடு இருக்கும். அது கெட்டுப்போனால் இடுக்கு வழியாகக் கள்ளக்காற்று நுழையும். விசில் அதனால்தான்.

அவர் மேனிஃபோல்டைக் கழற்றினார். புதுக் கேஸ்கட் வர நாளாகும். அதுவரை என்ஜினின் நாலு வாயும் திறந்து கிடக்கும். நட்டு, தூசி எது விழுந்தாலும் ஆபத்து. எங்கள் ஊரில் காற்றிலேயே பஞ்சு பறக்கும், பக்கத்துக் கட்டடத்தில் நிட்டிங் மெஷின் ஓடுகிறது. அதனால் நாலு வாயிலும் பனியன் வேஸ்ட்டை, அதாவது வெட்டி மிஞ்சிய துணித் துண்டுகளை, வாய்க்கு ஒன்றாக அடைத்து வைத்தார். மற்ற ஊர் மெக்கானிக்குகள் எதை வைத்து அடைப்பார்களோ எனக்குத் தெரியாது. திருப்பூரில் துடைக்க, அடைக்க, கட்ட, சூடானதைப் பிடிக்க எல்லாவற்றுக்கும் வேஸ்ட்தான். மூட்டை மூட்டையாகக் கிடக்கும்.

கேஸ்கட் வந்தது. அதை மாட்டுவதற்குள் அவர் அவிநாசிபாளையம் தாண்டி ஒரு வளைவில் மணலில் சறுக்கி, பைக்கோடு விழுந்துவிட்டார். வலது மணிக்கட்டு எலும்பு முறிவு. கூட வேலை செய்த பீகார்க்காரர் பண்டிகைக்கு ஊருக்குப் போயிருந்தார்.

சிவப்புக் கார் வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

நவீன் நாலைந்து நாள் பொறுத்தார். அப்புறம் தயங்கித் தயங்கி வந்தார். “தப்பா எடுத்துக்காதீங்கண்ணா. ஞாயித்துக்கிழமை பசங்களோட மலைக்குப் போறதாப் பேச்சுங்க. சாமானெல்லாம் பெட்டியில போட்டுக் குடுத்தீங்கன்னா, கோயமுத்தூர்ல வேற மெக்கானிக்குகிட்ட லாரியில ஏத்திக்கறனுங்க.”

என் வீட்டுக்காரர் தலையை மட்டும் ஆட்டினார். அன்று மதியம் சாப்பிடவில்லை. அவர் பயம் எனக்குத் தெரியும். இந்தத் தெருவில் ஒரு கார் அட்டைப்பெட்டியில் பாதியும் லாரியில் பாதியுமாகப் போனால், கை முறிந்த கதையை யாரும் சொல்ல மாட்டார்கள். செல்வராஜ் பிரித்துப் போட்டான், மாட்டத் தெரியாமல் அனுப்பிவிட்டான் என்பார்கள். இத்தனை வருஷம் சேர்த்த பேர் ஒரு மதியத்தில் போய்விடும்.

நானே நவீனுக்கு போன் போட்டேன்.

“தம்பி, நான் மாட்டித் தாரேன்.”

“நீங்களாக்கா?” என்றார். பிறகு, “சரிங்கக்கா. ஆனா சனிக்கிழமைக்கு லாரி சொல்லிட்டனுங்க. அது வர்றதுக்குள்ள ஸ்டார்ட் ஆச்சுன்னா ஓட்டிட்டுப் போறேன். இல்லீன்னா ஏத்திக்கறனுங்க” என்றார். நியாயமான பேச்சு. எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

நடுவிலிருந்து வெளியே

சனிக்கிழமை காலையில் துணிகளை வாயிலிருந்து இடுக்கிக் குறட்டால் பிடித்து இழுத்துத் தட்டில் போட்டேன். பழைய கேஸ்கட் ஒட்டியிருந்த இடத்தை, அலுமினியம் கீறாமல் பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டினேன். துடைத்துவிட்டு விரலால் தடவிப் பார்த்தேன். பனியனில் பிசிறு இருக்கிறதா என்று தடவிய அதே விரல்தான்.

புதுக் கேஸ்கட்டை ஏற்றி, மேனிஃபோல்டைத் தூக்கி வைத்தேன். மேல் வரிசை நட்டு சுலபம். கீழ் வரிசைதான் மனிதனைச் சோதிக்கும். கண்ணுக்குத் தெரியாது, கை மட்டும் உள்ளே போய்த் தானாகத் தேட வேண்டும். என் கை சின்னது. வளையலைக் கழற்றி வைத்துவிட்டு நுழைத்தேன். என் வீட்டுக்காரர் கை அங்கே போகவே போகாது. இதை அவரிடமே சொன்னேன். “ஆமா, ஆமா” என்றார்.

முறுக்குவதிலும் ஒரு ஒழுங்கு உண்டு. ஒரு ஓரத்தில் ஆரம்பித்து அப்படியே இறுக்கிக்கொண்டு போனால் மறு ஓரம் தூக்கிக்கொள்ளும். நடுவிலிருந்து வெளியே, ஒன்று விட்டு ஒன்று, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். டி-ஷர்ட்டுக்குக் கழுத்துப் பட்டி வைக்கும்போது இழுவை எல்லாப் பக்கமும் சமமாக விழ வேண்டுமே, அந்த மாதிரி. கடைசியில், இறுக்கத்தை அளக்கிற டார்க் ரெஞ்ச் ‘டிக்’ என்று சொல்லும். அதற்கு மேல் ஒரு முடியளவும் கூடாது.

இன்ஜெக்டர், பெட்ரோல் குழாய், வேக்குவம் ஹோஸ் எல்லாம் அதனதன் இடத்தில் உட்கார்ந்தன. லாரி வந்து நின்றபோது நான் பேட்டரி ஒயரைப் போட்டுக்கொண்டிருந்தேன். நவீன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

அந்த இடைவெளியில், எனக்கு வேறு வேலை இல்லாததால், தட்டில் கிடந்த துணிகளை எடுத்து விரித்தேன்.

நாலும் கழுத்து வெட்டிய துண்டுகள். டி-ஷர்ட்டில் கழுத்துக்கு வெட்டி எடுக்கும்போது பிறை மாதிரி ஒரு துண்டு விழும். துணியை அடுக்கடுக்காக விரித்து ஒன்றாக வெட்டுவதால், ஒரே அடுக்கில் விழுந்த துண்டுகள் அச்சில் வார்த்ததுபோல ஒரே அளவில் இருக்கும். இந்த நாலும் ஒரே மூட்டையின் ஒரே அடுக்கு. ஒன்றின்மேல் ஒன்று வைத்தேன். மூன்று பொருந்தின. நாலாவதில் ஒரு மூலை இல்லை.

நான் கத்தியது அப்போதுதான்.

ஊசி முனை

பனியன் கம்பெனியில் வேலை பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்கள் கேளுங்கள்.

தைக்கும்போது ஊசி உடைந்தால் ஆபரேட்டர் கையைத் தூக்க வேண்டும். உடைந்த துணுக்குகள் எல்லாவற்றையும் தேடி எடுத்து, டேப்பில் ஒட்டி, சேர்த்து வைத்துப் பார்த்து, முழு ஊசி வந்துவிட்டது என்று காட்டினால்தான் புது ஊசி கிடைக்கும். ஒரு துணுக்கு குறைந்தாலும் மெஷின் ஓடாது. அந்தத் துணுக்கு துணிக்குள் இருந்தால், எங்கேயோ ஒரு நாட்டில் ஒரு குழந்தையின் உடம்பில் போய்க் குத்தும்.

ஒருமுறை கைக்குழந்தைச் சட்டைகள் போய்க்கொண்டிருந்தன. சரக்கு ஏற்றுகிற நாள். ஓர் ஊசி உடைந்தது. எல்லாம் கிடைத்தது, முனை மட்டும் கிடைக்கவில்லை. நான் தையல் லைன் முழுவதையும் நிறுத்திவிட்டேன். மேனேஜர் ஓடி வந்தார். கன்டெய்னர் நிற்கிறது, கண்ணுக்குத் தெரியாத ஒரு முனைக்காக இத்தனை பேர் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள், எல்லாம் என் தலைக்கனம் என்று லைனின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து நடந்து கத்தினார். “கெடைக்கட்டுங்க சார்” என்பதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை.

தேடித் தேடிப் பார்த்து, கடைசியில் அவரையே நிறுத்தி, “செருப்பக் கழட்டுங்க சார்” என்றேன். முனை அவர் செருப்பின் அடியில் குத்திக்கொண்டு இருந்தது. அதற்கப்புறம் அந்த மனிதர் என் லைன் பக்கம் வருவதென்றால் வாசலிலேயே செருப்பை விட்டுவிட்டுத்தான் வருவார். இதை நினைத்து இன்றைக்கும் தனியாகச் சிரிப்பேன்.

அந்தப் பழக்கம் எனக்கு ரத்தத்தில் ஊறிவிட்டது. உள்ளே போனது முழுசாக வெளியே வந்துவிட்டதைக் கண்ணால் பார்க்கிற வரைக்கும் மெஷின் ஓடக்கூடாது. தையல் மெஷினானாலும் சரி, சிவப்புக் காரானாலும் சரி.

ஏற்றுவதா, வேண்டாமா

“மூட்டையிலயே கிழிஞ்சு கெடந்திருக்கும் திலகா” என்றார் என் வீட்டுக்காரர். குரல் கெஞ்சியது.

“ஓரத்தைப் பாருங்க. மத்த ஓரமெல்லாம் கறுத்துக் கெடக்குது. இந்த ஓரம் மட்டும் வெள்ளையா இருக்குது. காலையில நான் இழுக்கறப்பதான் கிழிஞ்சிருக்குது.”

அவர் துணியை வாங்கிப் பார்த்தார். அவருக்குத் தெரியாததா? சாவியைத் திருப்பினால் என்ஜின் காற்றோடு அந்தத் துணியையும் உறிஞ்சும். அது வால்வில் சிக்கினால் வால்வு மூடாது. அப்புறம் மேனிஃபோல்டைக் கழற்றினால் போதாது, என்ஜின் தலையையே கழற்ற வேண்டும்.

“கேஸ்கட் ஒண்ணுதான் இருக்குது” என்றார் மெல்ல. “கழட்டறப்ப அது போச்சுன்னா, வேற வர இன்னொரு வாரம்.”

“தெரியுமுங்க.”

லாரிக்காரர் மதுரைப் பக்கத்து ஆள். “யக்கா, ஏத்துறதா வேண்டாமா? பின்னாடி பஸ்காரன் கொல்றான். எம்புட்டு நேரமாகும்னு ஒரு வார்த்தை சொல்லுங்க” என்றார்.

நவீன் காரைவிட்டு இறங்கி வந்தார். “அக்கா, நீங்க இவ்வளவு பண்ணுனதே பெரிசுங்க. போதுங்க. இப்படியே ஏத்திக்கறேன், கோயமுத்தூர்ல பாத்துக்குவாங்க.”

அந்த ‘போதுங்க’ எனக்குச் சுருக்கென்று தைத்தது. இப்படியே ஏற்றினால் பேர் போகும். கழற்றி, துணி உள்ளே இல்லாமல், கேஸ்கட்டும் கெட்டால் பேரோடு சேர்த்து மானமும் போகும். இரண்டும் தெரிந்துதான் பேசினேன்.

“தம்பி, ஒண்ணு கேக்கறேன். உங்க கம்பெனியில ஊசி முனை கெடைக்காம பெட்டிய ஒட்டுவீங்களா?”

அவர் என்னைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார்.

“ஒட்டமாட்டமுங்க.”

“அப்ப சித்தெ நில்லுங்க.”

கழற்றினேன். காலையில் போட்ட ஒவ்வொன்றையும் வரிசை மாறாமல் பின்னாலிருந்து எடுத்தேன். மேனிஃபோல்டை ஆட்டாமல் நேராக இழுத்தேன். என்ஜின் இன்னும் சூடேறவில்லை என்பதால் கேஸ்கட் ஒட்டிக்கொள்ளாமல் முழுசாக வந்தது. பாதி உயிர் வந்தது.

போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தேன். முதல் வாய் சுத்தம். இரண்டாவதும் சுத்தம். மூன்றாவதில், வளைவு தாண்டி ஆழத்தில், வால்வுத் தண்டை ஒட்டி வெள்ளையாக ஏதோ தெரிந்தது.

விரல் எட்டவில்லை. குறடு தடிமன், தொட்டால் இன்னும் உள்ளே தள்ளிவிடும். என் வீட்டுக்காரர் நாற்காலியைவிட்டு எழுந்து வந்து, “உள்ள தள்ளிப்போடாத, தள்ளிப்போடாத” என்றார். “நீங்க உக்காருங்க” என்று ஒரு அதட்டல் போட்டேன். பிறகு தெருவைக் கடந்து எதிரே இருந்த தையல் யூனிட்டுக்குப் போய், ஓவர்லாக் மெஷினுக்கு நூல் கோக்கிற ட்வீசரைக் கேட்டு வாங்கி வந்தேன். நீளமாக, மெல்லிசாக, மூக்கு வளைந்திருக்கும். மெஷினின் வயிற்றுக்குள்ளே நூல் கோக்கவே செய்த சாமான் அது. எத்தனை வருஷம் அதைப் பிடித்திருப்பேன்!

மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே விட்டேன். பிடித்தேன். சுற்றி இழுக்காமல், வந்த வழியே மெதுவாக இழுத்தேன். வந்தது. பனியன் துணி வெட்டினால் ஓரம் சுருண்டுகொள்ளும் இல்லையா, அந்த மூலையும் விளக்குத் திரி மாதிரி சுருண்டு போயிருந்தது. தட்டில் வைத்து விரித்து, நாலாவது துண்டோடு சேர்த்தேன். பிசிறோடு பிசிறு பொருந்தியது.

நவீன் குனிந்து நெடுநேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, வாசலில் நின்ற லாரிக்காரரிடம் போனார்.

“அண்ணா, நீங்க கெளம்புங்க. உங்களுக்கு உண்டானதைக் குடுத்தர்றேன். வண்டி ஓடித்தான் போகும்.”

“இன்னும் ஸ்டார்ட்டே பண்ணலையேண்ணே? எல்லாம் கழண்டு கெடக்கு?”

“அக்கா மாட்டுவாங்க. ஸ்டார்ட் ஆகுமுங்க.”

லாரி பலகையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. மேனிஃபோல்டு இன்னும் பெஞ்சின்மேல் கிடந்தது. நான் முதுகைக் காட்டிக்கொண்டு கேஸ்கட்டைத் துடைத்தேன், கண் கலங்கியதை இந்த ஆம்பளைகள் பார்க்க வேண்டாம் என்று.

ஓடியது

மறுபடி மாட்டினேன். நடுவிலிருந்து வெளியே, டார்க் ரெஞ்ச் ‘டிக்’ சொல்லும் வரை. இந்தமுறை நவீன் சாவியைத் திருப்ப மறுத்துவிட்டார். “நீங்களே பண்ணுங்கக்கா” என்றார்.

திருப்பினேன். பெட்ரோல் வந்து சேர ஒரு கணம் முனகியது. அப்புறம் பற்றிக்கொண்டது. விசில் இல்லை. ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை; ஒரே சீரான உறுமல். இறங்கிப் போய் இணைப்பு நெடுகிலும் ஸ்பிரே அடித்துப் பார்த்தேன். எங்காவது ஒழுகினால் என்ஜின் சத்தம் மாறும்; மாறவில்லை. பெருமையாக இருந்தது. அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. அப்படி ஒரு பெருமை கம்பெனியிலும் பட்டதில்லை, வீட்டிலும் பட்டதில்லை.

“ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டு வாங்க” என்று நவீன் கதவைத் திறந்துவிட்டார். நான் ஏறியதும், கூப்பிடாமலே என் வீட்டுக்காரர் மாவுக்கட்டோடு இடது சீட்டில் வந்து சிரமப்பட்டு உட்கார்ந்தார்.

காங்கேயம் ரோட்டில் ஏறியதும் கொஞ்சம் மிதித்தேன். வண்டி சீறிக்கொண்டு பாய்ந்தது.

“ஏம்புள்ள, மெதுவாப் போ.”

“பயமா இருக்குதுங்களா?”

“பயமெல்லாம் இல்ல. அங்க பேக்கரியில மெக்கானிக் பசங்க எல்லாம் டீ குடிச்சுட்டு நிக்கறாங்க. பாக்கட்டும்.”

“வண்டியவா?”

“வண்டிய அவனுக பாத்திருக்கறானுக” என்றார். “மாட்டுனவளப் பாக்கட்டும்.”

நான் கண்ணாடியை முழுசாக இறக்கிவிட்டேன்.